புதுஆற்றுக்குத் தெற்கே

முதுகுளத்தூரிலிருந்து மாறுதல்.
தஞ்சை மருத்துவக் கல்லூரி, ரத்தப் பரிசோதனைக் கூடம்,
பதினைந்தாம் தேதிக்குள் சேர வேண்டும்.
ஒரு பெட்டி, ஒரு குக்கர், எட்டு வயது மகள்.

தரகர் மதலைமுத்து
ஹெல்மெட்டை முழங்கையில் மாட்டியிருந்தார்.
"எந்தப் பக்கம்மா பாக்குறீங்க?"
எத்தனை பக்கம் இருக்கிறது என்றேன்.
"அது ஆளப் பொறுத்தது."

கரந்தையில் வடவாறு கிட்டத்தில் ஓடியது.
மாடி வீடு, காற்று, கிழக்கே பார்த்த ஜன்னல்.
தண்ணீர் எப்படி என்று கேட்டேன்.
வீட்டுக்கார அம்மாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை:
"தஞ்சாவூருக்கு வந்து தண்ணியக் கேக்குறியே!"
சிரித்துக்கொண்டே பெயரைக் கேட்டார்.
சபூரா என்றேன்.
தங்கச்சி மகன் குடிவரப்போவது
அந்த நிமிடம் அவருக்கு ஞாபகம் வந்தது.

மேலவீதியில் பெயர் கேட்கவில்லை.
"முட்டை உண்டா?" என்றார்கள்.
நான் யோசிப்பதற்குள்
"கருவாடும் உண்டு" என்றாள் மகள்,
பள்ளியில் வருகை சொல்லும் குரலில்.
படியிறங்கும்போது மதலைமுத்து
வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.
அன்று அவள் கேட்ட ஐஸ்கிரீமுக்கு
அவரே காசு கொடுத்தார்.

கீழவாசலில் பெயருக்கு நாற்காலி போட்டார்கள்.
டீ வந்தது, வர்க்கி வந்தது,
முதுகுளத்தூரில் யார் வீடு என்று
மூன்று தலைமுறை வந்தது.
பிறகு, "மாப்பிள்ளை சபுருல இருக்காரா?"
பிரிந்துவிட்டோம் என்றேன்.
டீ கிளாஸை எடுத்துக்கொண்டு போன பெண்
திரும்பி வரவேயில்லை.
"நாளைக்குப் பேச்சு வரும்மா" என்றார் பெரியவர்,
மெதுவாக, வருத்தத்தோடுதான்.

அவர் இருந்தது ஒரு பாலைவன நகரம்.
கடலோர விடுதியில் நீச்சல்குளம் கழுவும் வேலை.
இந்தப் பக்கம் பேரீச்ச மரத்துக்கு விளக்குமாலை,
அந்தப் பக்கம் ஒரு அறையில் பதினாறு பேர்,
நடுவில் நாற்பது நிமிடம் பஸ் என்பார்.
அவ்வளவு பெரிய ஊரா என்று வியந்திருக்கிறேன்.
நாற்பது நிமிடம்கூட வேண்டியதில்லை,
ஒரு டீ ஆறும் நேரம் போதும்.

பள்ளியக்கிரகாரத்தில் எல்லாம் பொருந்தியது.
ராத்திரி ஷிப்டு முடிந்து திரும்ப பஸ் மட்டும் இல்லை.

ஆறாம் நாள் புதுஆற்றைத் தாண்டினோம்.
கரை முட்டத் தண்ணீர்.
"இது நமக்கில்ல, ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை போகுது"
என்றார், வேறு யாருக்கோ வந்த பார்சலைக் காட்டுவதுபோல.
பாலத்துக்கு அப்புறம் மண் சிவந்தது.
புதிய பேருந்து நிலையமும் போய்
முள்ளும் கல்லும் நடுவே
மனை போட்டவரின் மகள் பெயரில் ஒரு நகர்.
இருபத்திரண்டு தெரு, ஒன்பது வீடு.

வீட்டுக்காரர் சிங்கப்பூரில்.
சாவி மெக்கானிக் கடையில், ஆணியில் தொங்கியது.
பெயர் இல்லை, முட்டை இல்லை, மாப்பிள்ளை இல்லை;
கேட்க ஆளே இல்லை.
மதலைமுத்து தயங்கினார்.
ஒரு வாரத்தில் முதல்முறையாகக் குரலைத் தாழ்த்தினார்.
"தண்ணி மட்டும்தாம்மா கொஞ்சம்…
முந்நூத்தி இருவது அடி. செவ்வாக்கிழமை லாரி."

எனக்குச் சிரிப்பு வந்தது.
ஒரு குடத்தில் குளித்து, அதிலேயே துவைத்து,
மிச்சத்தை முருங்கைக்கு ஊற்றத் தெரிந்தவளிடம்
இவர் மன்னிப்புக் கேட்கிறார்.
காவிரி ஜில்லாவில்
எனக்குப் பொருந்திய இடம்
காவிரி ஏறாத மேடு.

மூன்று வருடம் ஆகிறது.
இப்போது முப்பத்தோரு வீடு.
லாரி வந்தால் பைப்பைப் பிடிக்கிற முறைக்கு
மகள் நோட்டுப் போட்டிருக்கிறாள்.
வீட்டு எண் மட்டும்தான் அதில், பெயர் கிடையாது.

நேற்று கூடத்துக்குப் புதிதாக ஒரு பெண் வந்தாள்,
திருப்பத்தூர்ப் பக்கம், கையில் இன்னும் பயணப் பை.
"அக்கா, வீடு பாக்கணும். எந்த ஏரியா நல்லா இருக்கும்?"

அது, என்று ஆரம்பித்தேன்.
அடுத்து என் நாக்கு நுனிக்கு வந்து நின்றது
உன் பேர் என்ன என்பது.

விழுங்கினேன்.
ஊசியை உறையில் போட்டேன்.
தண்ணீரைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன்.